பேனரில் பரு இல்லாத ஊர்

திருவண்ணாமலையில் ஒரு காலத்தில் ஒன்பது வருஷம் ஒருத்தர் முகத்திலும் பரு கிடையாது. வார்டு தேர்தலில் நின்றவர், வளைகாப்புப் பெண், புதுக் கடை திறந்தவர், காது குத்திக்கொண்ட குழந்தை, எல்லாருக்கும் முகம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. நேரில் பார்த்தால் வேறு கதை. நான் சொல்வது பேனரில். அத்தனைக்கும் காரணம் ஒரே ஆள்தான். போளூர் ரோட்டில் நான் வேலை செய்த ஃப்ளெக்ஸ் கடையின் டிசைனர். ஊரார் பருவையெல்லாம் துடைத்துப் போட்ட அந்த மனுஷனுக்கு மட்டும் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பரு.

பசங்களா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் என் மகன் டியூஷனிலிருந்து வந்தவன், "எங்க மிஸ் மூஞ்சியில இந்தியா மேப் இருக்குப்பா. அந்தமான் மட்டும் நேத்து புதுசா வந்துச்சு" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். அழகாக எடுத்துச் சொல்ல வராது. ஆனால் எங்கள் டிசைனர் ஜூம் பட்ட பாட்டைப் பார்த்தவன் எவனும் அந்தச் சிரிப்பில் சேர மாட்டான்.

ஜூம் என்பதுதான் அவர் பேர். அதாவது நாங்கள் வைத்தது. யார் போட்டோ வந்தாலும் கம்ப்யூட்டரில் பெரிசாக்குவார், இன்னும் பெரிசாக்குவார், கடைசியில் திரை முழுக்க ஒரு மூக்கின் பாதிதான் தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு புள்ளி புள்ளியாக அழிப்பார். ஒரு முகத்துக்கு முக்கால் மணி நேரம். கடை முதலாளியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவர் பின்னால் வந்து நின்று பல்லைக் கடிப்பார்.

"இன்னாபா, பேனர் அடிக்கிறியா, ஆபரேஷன் பண்றியா? வெளிய அஞ்சு பேரு நிக்கிறாங்க."

"பாய், பத்தடி பேனர்ல இந்தப் பரு இட்லி சைஸ்ல வரும். ரோட்ல போறவன்லாம் பாப்பான். பாவம் பாய் அந்தப் பொண்ணு."

பாய் திரும்பிப் போய்விடுவார். இட்லி சைஸ் என்று சொன்ன பிறகு யாருக்குத்தான் மனசு வரும்?

சில நேரம் கை மீறிவிடும். ஒரு பெரியவர் இறந்து கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கொடுத்தார்கள். எண்பது வயசு முகம். ஜூம் முதலில் ஒரு மருவை எடுத்தார். மரு போனதும் பக்கத்துச் சுருக்கம் உறுத்தியது. அதை எடுத்தார். பிறகு கண்ணுக்குக் கீழே. பேனரைத் தெருமுனையில் நான்தான் கட்டினேன். மாலையோடு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். "ஐயோ, பையன் போயிட்டானா? பெரியவரு எப்டி தாங்குவாரு?" அந்தப் பையன் பக்கத்தில் நின்று, "நான் இங்கதான் இருக்கேன் அத்தை, போனது அப்பாதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவர் தன் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். பைக்கில் இரண்டு கண்ணாடியையும் கழற்றிப் போட்டுவிட்டார். போலீஸ்காரர் நிறுத்தி, "பின்னாடி வர்ற வண்டி எப்டிய்யா தெரியும்?" என்று கேட்டதற்கு, "பின்னாடி வர்றது தெரியலனா பரவால்ல சார், அதுல நான் தெரியுறேன்" என்றார். அந்தப் போலீஸ்காரர் என்ன எழுதுவது என்று தெரியாமல் அனுப்பிவிட்டார். முகக்கவசத்தை ஊரே மறந்த பிறகும் ஜூம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தால்கூடக் கையால் வாயையும் கன்னத்தையும் பொத்திக்கொள்வார். யார் செல்போனைத் தூக்கினாலும் எழுந்து போய்விடுவார். ஆதார் அட்டையைத் தவிர அவர் படம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

ஆனால் ஒரு போட்டோவுக்கு மட்டும் அவர் தப்பிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா அம்மா இல்லாத வீடு. ரேவதி என்று ஒரே ஒரு தங்கச்சி, தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் கல்யாணத்தில் மேடை ஏறி மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியவர் அண்ணன். மச்சான் மோதிரம் போடுகிற நேரத்தில் மண்டபத்தில் இருக்கிற அத்தனை கேமராவும் அங்கேதான் இருக்கும். ஜூம் வேலை நடுவில் திடீரென்று என்னிடம் கேட்பார்: "ணா, மோதிரம் போடுறத மாஸ்க்கோட போட்டா தப்பா?"

இந்த ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை, பசங்களா. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காதது அதில்தான். வீடு இடிந்துபோச்சு என்று சொன்னால்கூட இத்தனை பேர் வந்து யோசனை சொல்ல மாட்டார்கள். பேனர் அடிக்க வருகிறவர், அளவு சொல்வார், தேதி சொல்வார், பிறகு ஜூமின் முகத்தைப் பார்த்து மருந்து சொல்வார்.

"இன்னா தம்பி, வயசு முப்பத்தஞ்சு இருக்குமா? இன்னுமா பரு? கல்யாணம் பண்ணு, போயிடும்."

"எல்லாம் சூடு. நல்லா எண்ணெய் வெச்சுக் குளி."

"மூஞ்சி கழுவுறதே இல்லியா நீ?"

கடைசியில் கேட்டவர் பல் விளக்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். நான் பக்கத்தில்தான் நின்றேன், எனக்குத் தெரியும். ஜூம் ஒரு நாளைக்கு எட்டு தடவை முகம் கழுவுகிற ஆள். துணி சோப்பு மாதிரி ஒன்றைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பார். யார் என்ன சொன்னாலும் செய்வார். எலுமிச்சம்பழம் தேய்த்து முகம் எரிந்து, மேஜை ஃபேனுக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். பற்பசை போட்டார். எண்ணெயைத் தலையில் ஊற்றிக்கொண்டார், அது நெற்றியில் வழிந்து புதுசாக ஒரு வரிசை கிளம்பியது.

ஜாதிக்காயை அரைத்துப் போட்ட அன்று வேறு ஒன்று நடந்தது. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடைக்குப் போர்டு மாட்டப் போனோம். காய்ந்து வெளுத்த முகத்தோடு, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஜூம் மரத்தடியில் உட்கார்ந்து, நான் ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து அவருக்கு எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜூம் அசையவில்லை. அசைந்தால் ஜாதிக்காய் உதிரும். பத்து நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு அந்த அம்மா எழுந்து, கும்பிட்டு, செல்போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். அவ்வளவுதான். சாமியார் எழுந்து "டெலீட், டெலீட்" என்று கத்திக்கொண்டு துரத்த, அந்த அம்மா ஓட, முகத்திலிருந்து பாளம் பாளமாக விழுந்துகொண்டே போனது. ஒரு ஆட்டோக்காரர்தான் நடுவில் புகுந்து நிறுத்தினார். படத்தை அழித்தார்கள். "இந்த சாமி ரொம்ப கோவக்கார சாமி" என்று ஆட்டோக்காரர் அந்த அம்மாவைச் சமாதானப்படுத்தினார்.

இப்போது நான் சொல்லப்போவதைச் சிரிக்காமல் கேளுங்கள். இவ்வளவு பேரைத் திட்டுகிறேனே, அவர்கள் எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளி நான். என் மச்சான் ஒரு ட்யூப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் பளபளவென்று இருந்தது. அதே ட்யூபை மெடிக்கலில் வாங்கி வந்து, "இத போட்டுப் பாரு தம்பி" என்று ஜூம் கையில் கொடுத்தவன் நான். டாக்டர் சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்று கேட்கவில்லை, கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒரே வாரம். முகம் வெளுத்து, பரு அமுங்கி, ஆளே மாறிவிட்டார். முகக்கவசம் இல்லாமல் டீக்கடைக்கு வந்தார். எனக்கு இரண்டு நாள் டீ அவர் கணக்கில். மூன்றாவது வாரம் ட்யூப் தீர்ந்தது. நாலு நாள் போடவில்லை. முன்னால் இருந்ததைப்போல இரண்டு மடங்கு கிளம்பியது. மறுபடி வாங்கினார். மறுபடி அமுங்கியது. இப்படியே இரண்டு வருஷம். தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகி, வெயிலில் நின்றால் மிளகாய் பூசினாற்போலச் சிவந்துவிடும். அதுவும் பரு தொல்லைதான் என்று இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போடுவார்.

அந்த நேரத்தில் ரேவதிக்குத் தேதி குறித்தார்கள். ஆறு வாரம் இருந்தது. ஜூமுக்குக் கை கால் ஓடவில்லை. காலையில் ஒரு தடவை போட்ட ட்யூபை மூன்று வேளையாக்கினார். வேலையில் கவனம் போய்விட்டது. அப்போதுதான் கீழ்பென்னாத்தூர் காதுகுத்துப் பேனரில் அந்தத் தப்பு நடந்தது.

குழந்தையின் படம். கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. ஜூமின் கை தானாகவே போய் அழித்துவிட்டது. பேனரைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு வேன் கடை வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது குழந்தையின் அத்தை.

"யாருய்யா இங்க படம் போடுறவன்? எங்க புள்ளைக்கு வெச்ச திருஷ்டிப் பொட்டு எங்க?"

ஜூம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "கறுப்பா ஒண்ணு இருந்துச்சுங்க. பருனு நெனச்சு எடுத்துட்டேன்."

"ஒம்பது மாசப் புள்ளைக்குப் பரு வருமாடா?"

அத்தை விடவில்லை. பொட்டு இல்லாமல் அவ்வளவு பெரிய படம் ஒரு ராத்திரி முழுக்க ஊர்ப் பார்வையில் நின்றிருக்கிறது. காலையிலிருந்து குழந்தைக்கு வயிற்றால் போகிறது. வேறு பேனர் அடித்துத் தருகிறோம் என்று பாய் சொன்னார். விருந்தாளிகள் வந்துகொண்டிருக்கிறார்கள், அதற்கெல்லாம் நேரமில்லை, அழித்தவனே வந்து வைக்கட்டும் என்றார் அத்தை. கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

உச்சி வெயிலில் ஏணியில் ஏறினார் ஜூம். பத்தடிக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய பொட்டு வைப்பது என்று கீழே பஞ்சாயத்து நடந்தது. கொட்டைப்பாக்கு அளவு என்றார் ஒருத்தர். அது நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும், கண்ணு வைக்கிறவன் தூரத்திலிருந்தே வைப்பான் என்றார் இன்னொருத்தர். கடைசியில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம் போட்டு முடித்தார். முகக்கவசம் வியர்வையில் நழுவிவிட்டது. அத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஊரு மூஞ்சியெல்லாம் அழிக்கிறியே, உன் மூஞ்சிய எப்ப அழிக்கப் போற?"

கூட்டம் சிரித்தது. ஜூம் தூரிகையை டப்பாவில் போட்டார். ஏணியிலிருந்து இறங்கும்போது பார்த்தேன், முகம் நெருப்புப் பட்டாற்போல இருந்தது. அது கோபத்தில் வந்த சிவப்பு இல்லை. நான் கொடுத்த ட்யூபின் வேலை அது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலை அவரைப் பைக்கில் உட்காரவைத்து நேராகத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சீட்டு எழுதுகிற இடத்தில் பேர் கேட்டபோதுதான் அவருக்குச் சொந்தப் பேர் ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா ட்யூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்லங்க. மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க" என்றார் ஜூம்.

"மிட்டாயா இது? எத்தன நாளா போடுறீங்க?"

"ரெண்டு வருஷம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பரு வாலிபப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. முப்பதிலும் வரும், நாற்பதிலும் வரும், ஆணுக்கும் வரும் பெண்ணுக்கும் வரும். தோலுக்குள் எண்ணெய் சுரக்கிற பை ஒன்று இருக்கிறது. அதன் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே சீழ் பிடிக்கிறது. சிலருக்கு உடம்பிலேயே அந்தச் சுரப்பு அதிகம், அப்பா அம்மா வழியில் வருவது. கவலை, தூக்கக் குறைவு, தலையில் வழிகிற எண்ணெய், நாள் முழுக்க உரசுகிற முகக்கவசம் எல்லாம் அதைக் கூட்டும். அழுக்கினால் வருவதில்லை. ஒழுக்கத்தினாலும் வருவதில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் புண்தான் ஆகும். காலை ஒன்று, மாலை ஒன்று, மென்மையான சோப்பு, அது போதும். கிள்ளக் கூடாது. ராத்திரி ஒரு பட்டாணி அளவு மருந்து, முகம் முழுக்க, பரு இருக்கிற இடத்தில் மட்டும் இல்லை. பகலில் வெயிலுக்கு ஒரு களிம்பு.

"இந்த ட்யூப்ல ஸ்டீராய்டு இருக்கு. தோலையே தின்னுடும். கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தணும், எப்டினு எழுதித் தரேன். நிறுத்துனா மொதல்ல ஜாஸ்தியாவும். பயப்படாதீங்க. மூணு மாசத்துல கம்மியாயிடும்."

ஜூம் மெதுவாகக் கேட்டார். "அஞ்சு வாரத்துல தங்கச்சி கல்யாணங்க. அதுவரைக்கும் இதையே போட்டுட்டு, அப்புறமா நிறுத்தட்டுமா?"

"போடலாம். போட்டோவுல பளிச்சுனு இருப்பீங்க. அதுக்கப்புறம் இத விடவே மாட்டீங்க. உங்க முகம், நீங்க சொல்லுங்க."

ஜூம் ட்யூபை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.  மூன்றாவது வாரம் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, டாக்டரம்மா சொன்னபடி நிறுத்திக்கொண்டு வருகிறார். ஐயோ, அந்த முகம். நான் கல்யாணத்துக்குப் பிறகே கூட்டிப்போயிருக்கலாமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். புது மருந்து பட்டதில் சட்டைக் காலரெல்லாம் சாயம் வெளுத்துத் திட்டு. பாய்கூட அவர் பின்னால் வந்து நின்று பல்லைக் கடிப்பதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் ஜூம் முடிவைச் சொன்னார். "ணா, நான் பந்தியைப் பாத்துக்கறேன். மோதிரத்த பெரியப்பா பையன் போடட்டும்."

இதைக் கேள்விப்பட்டு ரேவதி கடைக்கே வந்துவிட்டாள். "நீ மேடை ஏறலனு வெச்சுக்கோ, உன் ஆதார் போட்டோவ பத்தடிக்கு அடிச்சு மேடையில நிக்க வெப்பேன். பாய், நீங்களே அடிச்சுக் குடுங்க."

"நம்மகிட்ட மரச்சட்டம் ரெடியா இருக்கும்மா" என்றார் பாய். ஜூம் சிரிக்கவில்லை.

அவருக்கு இப்போது பரு போய்விட்டதா என்று கேட்பீர்கள். நாலாவது மாதம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இன்னும் அப்பப்போ ஒன்றிரண்டு வரும், மருந்து போடுவார், கழுவுவார், வேலையைப் பார்ப்பார். இப்போது வேலூரில் ஒரு பெரிய அச்சகத்தில் இருக்கிறார். ஆனால் அதையெல்லாம்விட நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, முகம் ரொம்ப மோசமாக இருந்த அந்தக் கல்யாண நாள்.

கிரிவலப் பாதையில் மண்டபம். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்இடி திரை. யார் மேடை ஏறினாலும் முகம் பத்தடிக்குத் தெரியும். கீழே பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜூம் முகக்கவசத்தோடு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றினார், வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தவர்களுக்கும் ஊற்றினார். முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் மைக்கில் கூப்பிட்டார்: "பொண்ணுக்குக் கூடப் பொறந்தவா யாரு? மோதிரம் போட வாங்கோ."

பெரியப்பா பையன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். ரேவதி ஐயர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எங்க அண்ணன் கீழ சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்காரு. முடிச்சிட்டு வருவாரு. எல்லாரும் கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."

பந்தியில் அந்தக் குரல் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து வாளியைப் பார்த்தார்கள். ஜூம் என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டி வாளியை வாங்கிக்கொண்டேன். அவர் போனார். வாளியோடு நானும் பின்னால் போனேன். மேடைப் படியில் நின்று முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

இரண்டு திரையிலும் அந்த முகம் வந்தது.  மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், மைக் திறந்திருப்பது தெரியாமல், "இன்னாபா முகம் இப்டி இருக்குது, அம்மை கிம்மையா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. சாம்பார் வாளி கையில் இருந்தது, அவருடைய வெள்ளை வேட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது, அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

ஜூம் அவரிடம் நேராகப் போய் நின்றார்.

"பருங்க. முப்பத்தாறு வயசுல வருமானு கேக்காதீங்க, வந்துருக்குது. மருந்து போடுறேன், மூணு மாசம் ஆவும். கொஞ்சம் தள்ளுங்க, மோதிரம் போடணும்."

இதுவும் மைக்கில் போனது. சித்தப்பா தள்ளிக்கொண்டார். மோதிரம் மாப்பிள்ளையின் விரலில் பாதியில் சிக்கிக்கொண்டது. ஜூம் திருகுகிறார், மாப்பிள்ளை பல்லைக் கடிக்கிறார், ரேவதி மாலைக்குள் குனிந்துகொண்டு குலுங்குகிறாள். ஒரு வழியாக மோதிரம் இறங்கியது. அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் வாயைத் திறந்து, எதையும் மறைக்காமல், சத்தமாகச் சிரித்தார்.

திரையில் பார்த்துக்கொண்டு நான் வாளியோடு நின்றேன். ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான், அவருக்கு ஒரு தெத்துப்பல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பசங்களா, அந்தப் பல் அவருக்கு அவ்வளவு அழகாக இருந்தது.